ஒத்திகை இல்லாத பாடம்

ஜூலை 8

கணக்கம்மாவுக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை. உன் அண்ணன் செய்தால் எடுக்கிறாய். என் மகள் பாப்பா, அதுதான் உன் அருமை மருமகள், செய்தால் மணிக்கணக்கில் பேசுகிறாய். அண்ணி என்று பெயர் விழுந்தால் மட்டும் உன் போனுக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் நீ படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன் புத்தி எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுவிட்டுப் போன ஏழாம் வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் நம் பள்ளித் தாளாளர். படிப்பு வருகிறவர்கள் இருக்கிற அறையிலேயே இருப்பார்கள். வராதவர்கள் மாடியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறைக்குப் போவார்கள். "எல்லாரையும் ஒண்ணா வெச்சு எல்லாரையும் கெடுக்கறீங்க டீச்சர்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி அரையாண்டுத் தேர்வு வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் பின்வரிசை கணக்கில் தேறவில்லை என்றால் பிரித்துவிடுவார். மாடிக்கு ஏறுகிற பிள்ளைகள் திரும்ப இறங்க மாட்டார்கள். அந்த அறைக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர்களில் பாதிப் பேர் தாளாளர் பக்கம். வாயைத் திறந்து சொல்வதில்லை, ஆனால் நான் பேசும்போது நகத்தைப் பார்க்கிறார்கள்.

நான் ஆரம்பித்ததை விடவில்லை. வாரம் ஒருவருடைய வகுப்பில் மற்றவர்கள் போய்ப் பின்னால் உட்கார வேண்டும், பார்த்து, பேசி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். யாருடைய வகுப்பு, எந்தப் பாடம் என்று திங்கட்கிழமையே பலகையில் எழுதிவிடுகிறேன். தலைமையாசிரியை ஆகிவிட்டால் நாற்காலியில் உட்காரலாம் என்று யார் சொன்னது. நாள் முழுக்கத் தாழ்வாரத்தில்தான் நடக்கிறேன்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் புது சார் நல்ல பிள்ளை. பயந்த சுபாவம். அவருக்குச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கிறேன். பின்னம் நீ எப்படி நடத்துவாய்? ஒரே ஒரு வாக்கியத்துக்காக வீட்டையும் பள்ளியையும் விட்டுப் போனவளிடம் இதைக் கேட்பது எனக்கு எவ்வளவு கௌரவக் குறைச்சல் என்று நீ ரசித்துக்கொண்டே பதில் எழுதலாம்.

அண்ணி


ஜூலை 20

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. மேசையில்தான் கிடக்கிறது.

ஒரே ஒரு வாக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு மனப்பாடம். "இவங்க பாடம் நடத்தறப்போ பின்வரிசை முழுக்க ஜன்னலைப் பார்த்துட்டிருந்தது, இவங்களுக்குத் தெரியவே இல்ல." உங்கள் திட்டத்தில் முதல் ஆளாக என் வகுப்பைத்தான் திறந்துவிட்டேன். அண்ணி கேட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது. மறுநாள் ஆசிரியர்கள் அறையில், டீ கிளாஸும் கையுமாக நின்ற அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொன்னீர்கள். சொந்த நாத்தனாரையே விட்டுவைக்கவில்லை என்று பெயர் வாங்க வேண்டும் உங்களுக்கு. வாங்கிவிட்டீர்கள். அன்று சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி எனக்குச் சோறு போட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்தப் பள்ளியில் ஒரு தொல்லையும் இல்லை. மணி அடித்ததும் எல்லாரும் அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். யாரும் யாருடைய வகுப்பையும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து அறை டீச்சருக்கு என் பெயரே தெரியுமா என்று சந்தேகம். நிம்மதியாக இருக்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய், அறைக்குள் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

பின்னத்துக்கு என்னிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள் என்று புது சாரைக் கேளுங்கள். அவர்தானே தினமும் பார்க்கிறார். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். அது உங்களுக்குக் கஷ்டம்தான்.

அண்ணனைச் சளிக்கு மருந்து சாப்பிடச் சொல்லுங்கள்.


ஆகஸ்ட் 17

கணக்கம்மாவுக்கு,

உன் கடிதம் மிளகாய்ப் பொட்டலம் மாதிரி வந்து சேர்ந்தது. பதில் சொல்ல ஆயிரம் இருக்கிறது, இப்போது நேரமில்லை.

சந்தோஷச் செய்தி ஒன்று, புரியாத செய்தி ஒன்று. வகுப்புப் பார்வை அமோகமாக நடக்கிறது. போன வாரம் புது சாரின் பின்னக் கணக்கு. நாங்கள் எல்லாரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் கேள்வியைப் பலகையில் எழுதி முடிக்கக்கூட இல்லை, பதில் வந்துவிட்டது. அதுவும் பின்வரிசையிலிருந்து. நீ இருந்தபோது வாயே திறக்காத அந்த நெட்டைப் பையன் எழுந்து பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். அதற்கு முந்தின வாரம் அறிவியல் டீச்சர். அவர் ஒரு நகைச்சுவை சொன்னார், சொல்லி முடிக்கும் முன்பே வகுப்பே சிரித்துவிட்டது. அவ்வளவு ஈடுபாடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன் அண்ணன் கேலி செய்தார்.

இப்போது புரியாத செய்தி. மாதத் தேர்வில் அதே கணக்கை, எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். பின்வரிசை வெறும் தாளைக் கொடுத்துவிட்டது. அந்த நெட்டைப் பையனும்தான். தாளாளர் அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு மாடி அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். இன்று பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கிறது, ஒரு வேலையும் ஓடவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து எத்தனை தடவை எழுந்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

வகுப்பில் தெரிந்தது தேர்வில் எங்கே போகிறது? உனக்குத் தெரிந்தால் சொல். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 26

அண்ணிக்கு,

கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது என்று நீங்கள் கண் கலங்கியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் திரும்பப் போய்ப் படித்தேன். சிரிப்பு வரும் இடத்துக்கு முன்பே ஒரு வகுப்பு சிரிக்கிறது என்றால் அந்த நகைச்சுவையை அது ஏற்கெனவே கேட்டிருக்கிறது. இவ்வளவு புத்திசாலிக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று.

ஒத்திகை பார்க்கிறார்கள், அண்ணி. நீங்கள் திங்கட்கிழமை பலகையில் எழுதுகிறீர்கள். நீங்கள் எல்லாரும் வந்து உட்காருவதற்கு முந்தின நாளே அதே பாடத்தை அதே கேள்வியோடு நடத்தி, யார் எழுந்து எந்தப் பதிலைச் சொல்வது என்று பழக்கி வைத்துவிடுகிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, எல்லாரும். பிள்ளைகள் பாடத்தைப் படிக்கவில்லை, நாடகத்தைப் படிக்கிறார்கள். எனக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்கப் போன் செய்த, உங்கள் வீட்டிலிருந்தே அந்தப் பள்ளிக்கு வருகிற ஒரு பெரிய மனுஷி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டினால் உங்களோடு எனக்குக் கடிதப் பேச்சும் கிடையாது.

அவர்கள் மேல் பாயும் முன் ஒன்றை யோசியுங்கள். என்னை அன்று எல்லார் முன்னாலும் நிறுத்தியபோது அந்த அறையில் இருந்தவர்கள் யார்? இதே ஆட்கள்தான். சொந்த நாத்தனாருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன கதி என்று அவர்கள் நினைத்தது தப்பா? தடுமாறுகிற பாடத்தை உங்களிடம் காட்ட யாருக்குத் தைரியம் வரும். நீங்கள் கற்றுக்கொள்ளத்தான் கூப்பிட்டீர்கள். அவர்களுக்கு அது பரீட்சையாகத் தெரிந்தது.

கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் ஒரு பாடம் எடுங்கள். தமிழ் இல்லை, அதில் நீங்கள் கொடிகட்டிப் பறப்பீர்கள். ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு எடுங்கள். முன்னேற்பாடு கூடாது. அவர்கள் எல்லாரும் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.


செப்டம்பர் 3

கணக்கம்மாவுக்கு,

நீ சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். பாயாதீர்கள் என்றாய், பாய்ந்துவிட்டேன்.

கூட்டம் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். என்னை முட்டாளாக்கினீர்கள், பிள்ளைகளை நடிக்க வைத்தீர்கள் என்றேன். யாரும் மறுக்கவில்லை. அறிவியல் டீச்சர் மட்டும் மெதுவாக, "நீங்க நல்ல பாடம் பார்க்கணும்னு ஆசைப்பட்டீங்க மேடம், காட்டினோம்" என்றார். வெளியே வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து தாழ்வாரத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. நான் நடந்தால் என் செருப்புச் சத்தம்தான் கேட்கிறது. புது சார் விடுப்பில் போய்விட்டார். உடம்பு சரியில்லையாம். எனக்குத் தெரியாதா என்ன உடம்பு என்று.

வீட்டில் உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல் மதில்மேல் பூனை. "நீ சொல்றதும் சரி, அவ சொல்றதும் சரி" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். உன் மருமகளைத் திட்டவில்லை. அவள்தான் என்னை முறைத்துக்கொண்டு திரிகிறாள்.

கணக்கு எடுக்கச் சொல்கிறாய். தலைமையாசிரியை ஆன பிறகு சாக்பீஸைத் தொட்டு வருஷங்கள் ஆகின்றன. அதுவும் பின்னம். பள்ளியில் படிக்கும்போதே எனக்குப் பின்னம் என்றால் காய்ச்சல் வரும். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த நாற்காலியில் மறுபடி எந்த முகத்தோடு உட்காருவேன். உனக்குப் பழி வாங்க இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லையா.

இதை இரண்டு நாள் மேசை டிராயரில் வைத்திருந்தேன். அனுப்பும் முன் சேர்க்கிறேன். வியாழக்கிழமை எடுக்கிறேன். பலகையில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணி


செப்டம்பர் 15

அண்ணி,

வியாழக்கிழமை போய்விட்டது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அண்ணனைக் கேட்டால் "அவளே எழுதுவா" என்கிறார். பாப்பா போனை எடுத்தாலே சிரிக்கிறாள், ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். இங்கே என் வகுப்பில் நான் பலகையில் தப்பாக எழுதி, பிள்ளைகள் திருத்துகிறார்கள். என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுதக்கூடாதா.


செப்டம்பர் 21

கணக்கம்மாவுக்கு,

தவிக்கட்டும் என்றுதான் விட்டேன். நான் தவித்தது உனக்கும் கொஞ்சம் தெரிய வேண்டாமா.

மானம் கப்பலேறியது. முதல் பத்து நிமிஷம் ஒப்பேற்றினேன். பிறகு மூன்றை அரையால் வகுக்கிற கணக்கை எழுதி, தலைகீழாகத் திருப்பிப் பெருக்கினால் ஆறு என்றேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "வகுத்தா குறையத்தானே மேடம் செய்யணும், எப்படி கூடிச்சு?" என்றாள். நான் நின்றுவிட்டேன். தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று தெரியும், ஏன் திருப்ப வேண்டும் என்று இத்தனை வயசுக்கு எனக்குத் தெரியாது. சாக்பீஸ் கையிலேயே நொறுங்கிவிட்டது. பின்னால் அத்தனை ஆசிரியர்களும் இருந்தார்கள். "எனக்குத் தெரியலம்மா" என்றேன். சொன்னதும் என்னவோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "யாருக்காவது தெரியுமா?" என்று பின்னால் பார்த்துக் கேட்டேன்.

அறிவியல் டீச்சர் எழுந்து ஏதோ படம் போட்டார், அவரே குழம்பி நின்றுவிட்டார். அப்புறம் நம் விளையாட்டு மாஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மைதானத்தை மூணு சுத்து ஓடணும், ஒரு ஆள் அரைச் சுத்துதான் ஓடுவான்னா எத்தனை ஆள் வேணும்?" என்றார். ஆறு என்று வகுப்பு கத்தியது. நானும் கத்தினேன். அந்தப் பெண் விடவில்லை. முக்கால் சுற்று ஓடினால்? நாலு ஆள். ஒரே சுற்றை, ஆளுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓடினால்? மாஸ்டர் திணறினார். விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பி, அதுவரை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த புது சார் எழுந்து வந்தார். என் கையிலிருந்த துண்டு சாக்பீஸை வாங்கி, "ஒன்றரை ஆள்" என்று எழுதினார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அரை ஆள் எப்படி ஓடுவான் என்று ஒரே கலாட்டா. அந்தச் சிரிப்புக்கு யாரும் ஒத்திகை கொடுத்திருக்கவில்லை.

மணி அடித்தும் நாங்கள் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அரை ஆளை ஏழாம் வகுப்புக்கு எப்படிப் புரிய வைப்பது என்று ஆசிரியர்கள் அறையில் சண்டை. பெரிய சண்டை. காவலாளி வந்து சாவியை ஆட்டிக் காட்டும்வரை நடந்தது. மறுநாள் புது சார் வகுப்பில் அதை நடத்திப் பார்த்தார், சரியாக வரவில்லை என்று அவரே வந்து சொன்னார். மறுபடி உட்கார்ந்தோம். இப்போது பலகையில் பாடத்தை எழுதுவதில்லை. எங்கே சிக்குகிறது என்று எழுதுகிறார்கள். நான் சொல்லி இல்லை.

உன்னிடம் ஒன்று. பின்வரிசை ஜன்னலைப் பார்த்தது நிஜம். ஆனால் அதை நான் உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் கேள்வி கேட்டு நான் நின்றதை, யாராவது மறுநாள் டீ கிளாஸோடு எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் நானும் பெட்டியைக் கட்டியிருப்பேன். மன்னித்துக்கொள். இதைப் போனில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அண்ணி


டிசம்பர் 19

கணக்கம்மாவுக்கு,

இடையில் நீ எழுதிய கடிதங்களையெல்லாம் ஆசிரியர்கள் அறையில் படித்துக் காட்டினேன், என்னைத் திட்டின பகுதி உட்பட. அந்தப் பகுதிக்குத்தான் வரவேற்பு அதிகம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. பின்வரிசையில் பாதிக்கு மேல் தேறிவிட்டார்கள். தேறாதவர்களும் வெறும் தாளைக் கொடுக்கவில்லை, தப்பாகவாவது போட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாளாளருக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது, அவருக்கு ஏறவில்லை. "இன்னும் தேறாதவங்க இருக்காங்களே" என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். "உங்க பழைய கணக்கு டீச்சரைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க, ஒரே வகுப்பா இருக்கட்டும். இந்தப் புது ஆளை அனுப்பிடலாம். இல்லைன்னா ஜனவரியில பிரிச்சிடறேன்."

எனக்கு இரண்டு நாளாக ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வந்துவிடு. பிள்ளைகளுக்காக வா என்றுதான் எழுத நினைத்தேன். பொய் எதற்கு, எனக்காகவும்தான். உன் அண்ணன் உன் அறையை ஒழித்து, மின்விசிறியைத் துடைத்து வைத்துவிட்டார். பாப்பா அத்தை வருகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நீ இல்லாத வீட்டில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. சலிப்பாக இருக்கிறது. புது சாருக்கு வேறு பள்ளி பார்த்துத் தருகிறேன்.

அண்ணி


டிசம்பர் 28

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெட்டியைத்தான் எடுத்தேன். துணியை மடித்துக்கூட வைத்துவிட்டேன். இங்கே நான் சந்தோஷமாக இல்லை என்று உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். சாயங்காலம் அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. பாப்பாவின் குரலைக் கேட்டால் அழுகை வருகிறது. அப்படியிருந்தும் வரவில்லை என்று எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் "புது சாருக்கு வேறு பள்ளி பார்த்துத் தருகிறேன்" என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சரியாக வரவில்லை என்று தானே வந்து சொன்ன முதல் ஆள் அவர்தான். அப்படிச் சொன்னவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், அறிவியல் டீச்சர் என்ன நினைப்பார்? மாஸ்டர் என்ன நினைப்பார்? அடுத்த திங்கட்கிழமை பலகையில் எழுத யாருக்குக் கை வரும். மறுபடி நாடகம்தான் நடக்கும். நானும் அதில் சேர்ந்துகொள்வேன். பின்வரிசை தேறியது கெட்டிக்காரக் கணக்கு டீச்சரால் இல்லை. நான் இருந்தபோது அது தேறவில்லையே.

நான் வரவில்லை என்று தாளாளரிடம் சொல்லுங்கள். பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அண்ணனிடம் அந்த அறையில் மறுபடி அவருடைய பழைய பேப்பர்களை அடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெட்டியிலிருந்து துணியை இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவிடுவேன்.


ஜனவரி 11

கணக்கம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். நீ சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

தாளாளர் அறைக்குத் தனியாகத்தான் போனேன். நாத்தனார் வரவில்லை, புது சாரை அனுப்பவும் மாட்டேன், வகுப்பைப் பிரித்தால் நான் தலைமையாசிரியையாக இருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்கும்போது கதவு திறந்தது. புது சார். அவருக்குப் பின்னால் மாஸ்டர், அறிவியல் டீச்சர், நகத்தைப் பார்க்கிற கூட்டம் முழுக்க. நான் கூப்பிடவில்லை. உட்கார நாற்காலிகூட இல்லை, சுவரோரம் நின்றார்கள்.

தாளாளர் புது சாரைப் பார்த்து, "பிரிச்சா உங்களுக்குத்தானே சுலபம்?" என்றார்.

புது சாருக்கு வேர்த்துக் கொட்டியது. "சுலபம்தான் சார்" என்றார். எனக்குத் திக்கென்றது. "ஆனா எனக்கு எது சரியா தெரியலன்னு அந்தப் பின்வரிசைதான் சார் சொல்லுது. அவங்க மேல போயிட்டா எனக்கு யார் சொல்வாங்க?"

தாளாளர் சுவரோரம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஆண்டுத் தேர்வு வரைக்கும் ஒரே வகுப்பாக இருக்கட்டும் என்றார். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் புது சார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் உன்னை நினைத்து அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெட்டியிலிருந்து துணியை எடுத்தாயிற்றா? விடுமுறைக்காவது வா.

அண்ணி


ஜனவரி 19

அண்ணிக்கு,

புது சார் சொன்னதை நாலு தடவை படித்தேன். பிறகு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

பெட்டியைக் காலி செய்துவிட்டேன். விடுமுறைக்கு வருகிறேன். இங்கேயும் ஒரு ஏழாம் வகுப்பு இருக்கிறது, அதிலும் ஒரு பின்வரிசை இருக்கிறது. இவ்வளவு நாளும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று மணி அடித்ததும் பக்கத்து அறைக்குப் போனேன். அந்த டீச்சர் கதவைச் சாத்தப் போனார், காலை வைத்துத் தடுத்துவிட்டேன். நாளைக்கு என் வகுப்பில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எந்தப் பாடம்?" என்றார்.

எனக்கு வராத பாடம் என்றேன்.